எட்டுக்கால் பூச்சி பூச்சியா? வீட்டுமொழியிலேயே கேளுங்கள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தால், அழைப்பது ஒட்டாவாவில் இருக்கும் அக்கா மகள்தான். இங்கே காலை எட்டு என்றால் அங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு. அவளுக்கு ஏழு வயது. செப்டம்பரில் இரண்டாம் வகுப்பு தொடங்கியது. படிப்பது பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி வகுப்பில். அதாவது, வீட்டில் பிரெஞ்சு பேசாத பிள்ளைகளுக்குப் பாடங்களில் பாதியையோ அதற்கு மேலோ பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு. அவள் பள்ளியில் அறிவியலும் பிரெஞ்சில்தான்.

ஒரு வாரம் அவள் கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, "சித்தி, இந்தச் சத்தம் கேக்குதா?" என்றாள். கேட்டது. "அது சுவர்க்கோழி" என்றேன். "கோழியா?" என்று சிரித்தவள், பிறகு கேள்விமேல் கேள்வியாக அடுக்கினாள். அது வாயால் கத்தவில்லை, இறக்கைகளை ஒன்றோடொன்று உரசுகிறது என்றேன். பாடுவது ஆண் பூச்சி மட்டும்தான் என்றேன். அதற்குக் காது முன்னங்கால்களில் இருக்கிறது என்றதும் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் தமிழில், பதினைந்தே நிமிடத்தில்.

அடுத்த வாரம் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலோ வீட்டருகிலோ பார்த்த ஒரு பூச்சியை வரைந்து, பெயரெழுதி, மூன்று வரி பிரெஞ்சில் எழுதி வர வேண்டும். இவள் சுவர்க்கோழியை வரைந்தாள். ஆறு கால், மூன்று பகுதி உடல், இரண்டு உணர்கொம்பு. முன்னங்காலில் காதுக்கு அம்புக்குறி. மேலே பெரிய எழுத்தில் 'க்ரிக்கே' என்று பிரெஞ்சில் எழுதினாள். அந்தச் சொல்லில் மட்டும் ஆசிரியர் சிவப்பு வட்டம் போட்டு, 'கிரியோன்' என்று திருத்தியிருந்தார்.

அன்றிரவு அக்கா பேசினார். "எங்க ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியாது. இதுல தமிழும் சேர்ந்தா பிள்ளை குழம்புது. கொஞ்ச நாளைக்கு வீட்டுல தமிழ் வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கோம். உன்கிட்டயும் இங்கிலீஷ்லயே பேசட்டும். கோவிச்சுக்காதே."

கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். பிழை எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் சுவர்க்கோழிக்குக் 'கிரிக்கெட்' என்று பெயர். அதே ஒலியுள்ள பிரெஞ்சுச் சொல்லான 'க்ரிக்கே' வெட்டுக்கிளியைக் குறிக்கும். பிள்ளை ஆங்கிலச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுக்குள் போய் வழுக்கியிருக்கிறாள். தமிழுக்கு இதில் பங்கே இல்லை. சரி போடப்பட்டிருந்த ஆறு காலும் மூன்று பகுதி உடலும் காலில் இருக்கும் காதும் தமிழ்ப் பேச்சில் தெளிந்த விஷயங்கள். அக்கா நிறுத்தச் சொன்னது, சரியாக வேலை செய்துகொண்டிருந்த பகுதியை.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், ஒட்டாவாவில் அக்கா எடுத்த முடிவை நம் ஊரிலும் பல பெற்றோர் எடுக்கிறார்கள். அவர்களை எடுக்கச் சொல்வது பெரும்பாலும் ஆசிரியர்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் கனடாக் கதையைப் பார்ப்போம். 1965-இல் கியூபெக் மாகாணத்தில், மொன்றியால் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் பள்ளி வாரியத்திடம் கேட்டுத் தொடங்க வைத்தது இந்த அமிழ்வுக் கல்வி. தங்களுக்கு வராத பிரெஞ்சு பிள்ளைகளுக்காவது வரட்டும் என்பது அவர்களின் எண்ணம். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார்கள். பிரெஞ்சில் படித்ததால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை, பாடமும் பின்தங்கவில்லை என்பது அவர்களின் முடிவு. அதன்பின் இந்த முறை நாடெங்கும் பரவியது. இன்று ஒண்டாரியோ மாகாணத்தில், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3,800 மணி நேரமாவது பிரெஞ்சில் கற்க வேண்டும் என்பது அமிழ்வுக் கல்விக்கான விதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கல்விமுறை, வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்காகவே உருவானது. செயின்ட் லாம்பர்ட் பெற்றோரிடம் யாரும் "வீட்டில் ஆங்கிலத்தை நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை. அவர்கள் இரவுச் சாப்பாட்டின்போது ஆங்கிலத்தில் பேசினார்கள், ஆங்கிலத்தில் கதை படித்தார்கள். பள்ளி பிரெஞ்சைப் பார்த்துக்கொண்டது. பின்னாளில் லாம்பர்ட், இருமொழிக் கல்வியில் இரண்டு வகை உண்டு என்றார். இருக்கும் மொழியோடு இன்னொன்று சேர்வது ஒன்று. இருக்கும் மொழியைத் தள்ளிவிட்டு இன்னொன்று வருவது மற்றொன்று. செயின்ட் லாம்பர்ட் வெற்றி முதல் வகையைச் சேர்ந்தது. குடியேறிய குடும்பம் ஒன்று பயந்துபோய் வீட்டுமொழியை நிறுத்தும்போது, அதே பள்ளியில் தன் பிள்ளையை இரண்டாவது வகைக்குள் தள்ளுகிறது.

டொரோன்டோவில் இருந்து எழுதிய ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979-இல் இதன் மறுபக்கத்தை விளக்கினார். ஒரு மொழியில் நன்றாகப் பிடிபட்ட கருத்து, இன்னொரு மொழியில் படிக்கும்போதும் கைகொடுக்கும் என்பது அவரது கொள்கை. காலில் காது இருப்பதை ஒரு பிள்ளை இரண்டு முறை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு முறை வியந்தால் போதும். பிறகு தேவைப்படுவது புதிய சொல் மட்டும்.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் படிவம் இரண்டு வகுப்பில் இருந்தாள். உயிரினங்களை வகைப்படுத்தும் பாடம். 'லாபா-லாபா' எனப்படும் சிலந்தி 'செரங்கா' எனப்படும் பூச்சியினத்தைச் சேர்ந்ததா என்று மலாயில் கேட்டேன். எழுந்து நின்றாள், பேசவில்லை. இதேபோல் பலமுறை நடந்ததால், பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் தாயாரிடம், "வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசிப் பழக்குங்கள்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சந்திப்பு முடிந்த மறுநாள் நடைபாதையில் அந்த மாணவி என்னிடம் தமிழில் சொன்னாள்: "டீச்சர், அன்னைக்குக் கேட்டீங்களே, அது செரங்கா இல்ல. அதுக்கு எட்டுக் கால். பேர்லயே இருக்கே, எட்டுக்கால் பூச்சின்னு." வகுப்பில் அவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொல்லவில்லை. பெயர் அதைப் பூச்சி என்கிறது. அதே பெயரில் உள்ள எண், அது பூச்சி இல்லை என்பதற்குச் சான்று தருகிறது. இந்த இழுபறியைக் கவனித்த பிள்ளையைத்தான் நான் பின்தங்கியவள் என்று குறித்து வைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு அந்தத் தாயாரை மறுபடி சந்தித்தேன். "நீங்க சொன்னதிலேருந்து நான் அவகிட்ட பாடத்தைப் பத்திக் கேக்குறதையே விட்டுட்டேன் டீச்சர். எனக்கு அந்த மொழி அவ்வளவா வராது. தப்பா சொல்லிக்கொடுத்துடுவோமோன்னு பயம்" என்றார். நான் வீட்டில் மலாயை வளர்க்கவில்லை. ஒரு வீட்டில் அறிவியல் பேச்சையே நிறுத்தியிருக்கிறேன். அக்காவின் முடிவைக் கேட்டபோது எனக்கு அந்தத் தாயாரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பூச்சிகளை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒண்டாரியோவின் 2022-ஆம் ஆண்டு அறிவியல் பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு 'விலங்குகளின் வளர்ச்சியும் மாற்றங்களும்' ஒரு பகுதி. அதை வீட்டில் கற்கப் பூச்சியைவிட எளிய வழி இல்லை. தோட்டம் வேண்டாம், கருவி வேண்டாம், பணம் வேண்டாம். அடுக்குமாடி வீட்டிலும் பூச்சி உண்டு, பனிக்காலத்திலும் உண்டு. முக்கியமாக, பூச்சியைப் பற்றிய முதல் கேள்விகளுக்கு எந்த மொழியும் போதும். எத்தனை கால்? உடல் எத்தனை பகுதி? இறக்கை உண்டா? இந்த மூன்றையும் எண்ணத் தெரிந்த எவரும் பிள்ளைக்கு ஆசிரியர் ஆகலாம்.

ஒவ்வொரு மொழியும் பூச்சிகளை ஒவ்வொரு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாம் பட்டாம்பூச்சி என்றும் அந்துப்பூச்சி என்றும் இரண்டு தனிப் பெயர்கள் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் பட்டாம்பூச்சியைப் 'பப்பியோன்' என்பார்கள். அந்துப்பூச்சிக்கு 'பப்பியோன் து நுயி', அதாவது 'இரவுப் பட்டாம்பூச்சி' என்று பெயர். இரண்டும் செதில் இறக்கையுள்ள ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்ற உண்மை பிரெஞ்சுப் பெயரில் பளிச்சென்று தெரிகிறது. நம் 'எட்டுக்கால் பூச்சி' தரும் எண்ணிக்கையோ பிரெஞ்சின் 'அரேன்யே' என்ற பெயரில் இல்லை. இரண்டு பெயர்களும் தெரிந்த பிள்ளை, பெயர் வேறு, வகைப்பாடு வேறு என்பதைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும். அறிவியலில் அது சிறிய பாடம் அல்ல.

கனடா வீடுகளின் நிலவறையில் ஈரமான மூலையைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஓடுபோர்த்திய சின்ன உயிர் ஒன்று ஓடும். பிரெஞ்சில் 'க்ளோப்போர்ட்'. அதன் சில இனங்கள் தொட்டவுடன் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அக்கா மகள் ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் காட்டினாள். அதன் தமிழ்ப் பெயர் எனக்கும் தெரியவில்லை. "பேர் கிடக்கட்டும், காலை எண்ணு" என்றேன். பதினான்கு. "அப்ப பூச்சி இல்ல!" என்று அவளே சொன்னாள். அது நண்டு, இறால் குடும்பத்துக்குச் சொந்தம் என்று நான் சொன்னபோது, "நாங்க சாப்பிடுற இறாலா?" என்று கண்ணை விரித்தாள். பெயரே தெரியாத ஒன்றைப் பற்றி நாங்கள் இருவரும் சரியான முடிவுக்கு வந்துவிட்டோம்.

பிரெஞ்சு மொழியில் பூச்சிகளைப் பற்றி எழுதியவர்களில் தலைசிறந்தவர் என்று பலரும் சொல்வது ழான் ஆன்றி ஃபாபர் என்பவரை. 1823-இல் தெற்குப் பிரான்ஸின் செயின்ட் லேயோன் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அந்தப் பகுதி மக்கள் அன்று பேசியது ஒக்சித்தான் மொழி. பிரெஞ்சு பள்ளியின் மொழி. ஃபாபர் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1879-இல் செரின்யான் என்ற ஊரில் கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு நிலத்தை வாங்கி, அங்கேயே பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வலமாகப் போகும் பைன்மரக் கம்பளிப்பூச்சிகளை ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் வட்டமாக நடக்க வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வாரம் அவை சுற்றிக்கொண்டே இருந்ததைப் பதிவு செய்தார். அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது பூந்தொட்டியும் பொறுமையும். பத்துத் தொகுதிகளில் பிரெஞ்சில் எழுதிய அதே மனிதர், தம் தெற்கத்தி மொழியான புரொவென்சாலில் கவிதைகளும் எழுதினார். வட்டார மொழி அவருடைய அறிவியலுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அக்கா தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தேர்வு எழுதப்போவது பிரெஞ்சில். 'கிரியோன்' என்ற சொல் வராவிட்டால் காலில் காது இருப்பதை எப்படி எழுதுவது? நம் பிள்ளைகளும் மலாயிலோ, இருமொழித் திட்டம் உள்ள பள்ளியில் ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதையும் பின்னர் திரும்பியதையும் பார்த்த நமக்கு இந்தக் கவலை புதிதல்ல. பள்ளிமொழிச் சொற்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றைத் தரும் பொறுப்பு முதன்மையாகப் பள்ளிக்கும் புத்தகத்துக்கும் உரியது. பொது நூலகத்தில் பிரெஞ்சுப் படப் புத்தகங்கள் கிடைக்கும். ஒட்டாவாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் மொன்றியாலில் ஒரு பூச்சிக் காட்சியகமே இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலராக இருந்து பூச்சி சேகரிப்பாளராக மாறிய ஜார்ஜ் புரோசார் என்பவரின் முயற்சியில் 1990-இல் திறக்கப்பட்டது. சொற்களுக்கு இத்தனை வழிகள் உண்டு. பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து கால்களை எண்ண வீட்டாரை விட்டால் ஆளில்லை.

அதனால் பெற்றோருக்கு நான் சொல்வது ஒரு வேலைப் பிரிவினை. பார்ப்பதும் எண்ணுவதும் கேட்பதும் வீட்டில், வீட்டுமொழியில். பெயரிடுவதும் எழுதுவதும் பள்ளிமொழியில். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் படமும் தேதியும் வீட்டுமொழிக் குறிப்பும். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதைப் பிள்ளை பள்ளிமொழியில் நிரப்பட்டும். நிரப்பியதை உங்களுக்கு வாசித்து விளக்கட்டும். உங்களுக்குப் புரியாத மொழியில் உங்களுக்கு விளக்கம் சொல்லும்போது பிள்ளை இரண்டு மொழியிலும் உழைக்கிறது.

செய்து பார்க்க இரண்டு சோதனைகள். முதலாவது, ஒரு கண்ணாடிச் சாடியில் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போட்டு ஒரு நாள் திறந்து வையுங்கள். பழ ஈக்கள் வரும். பிறகு மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். சில நாளில் வெள்ளைப் புழு, பிறகு பழுப்பு நிறக் கூட்டுப்புழு, ஏறக்குறைய பத்து நாளில் புதிய ஈ. இதே ஈயை வைத்துச் செய்த ஆய்வுக்குத்தான் தாமஸ் ஹன்ட் மார்கன் 1933-இல் நோபல் பரிசு பெற்றார். கனடாவின் பனிக்காலத்திலும் சமையலறைச் சூட்டில் இதைச் செய்யலாம். நம் ஊரில் யாரும் இதற்குப் பதிலாகக் கொசுப்புழு வளர்க்க வேண்டாம். டிங்கி ஆபத்து ஒருபக்கம், 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுப்பது குற்றமும்கூட. குளவிக் கூட்டின் பக்கமும் போக வேண்டாம்.

இரண்டாவது, சுவர்க்கோழி வெப்பமானி. 1897-இல் ஏமஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், சூடு கூடக் கூட இவை வேகமாக ஒலிக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். வட அமெரிக்காவின் ஒரு மரச் சுவர்க்கோழி இனத்துக்கு, எட்டு வினாடியில் கேட்கும் ஒலிகளை எண்ணி ஐந்தைக் கூட்டினால் ஏறத்தாழ செல்சியஸ் வெப்பநிலை கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலிகள் நெருக்கமாக விழுவதால் எண்ணுவது கடினம். ஒட்டாவாவின் செப்டம்பர் இரவு அதற்குத் தோதானது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'வீட்டில் பள்ளிமொழி பேசுங்கள்' என்ற அறிவுரையை நாம் நிறுத்த வேண்டும். அது சொல்ல எளிது. கேட்பவரோ அதை 'நீங்கள் உதவ லாயக்கில்லை' என்றே எடுத்துக்கொள்கிறார். இப்போது என் படிவம் இரண்டு மாணவர்கள் வீட்டில் பார்த்ததை எந்த மொழியிலும் குறித்து வரலாம். வகுப்பில் அதை மலாயில் மாற்றி எழுதுகிறோம். திருத்த எனக்கு இரு மடங்கு நேரம் ஆகிறது. எல்லாருடைய புள்ளியும் உயர்ந்துவிடவில்லை. ஆனால் "எங்க பாட்டி சொன்னாங்க", "எங்கம்மா பார்த்தாங்க" என்று தொடங்கும் கேள்விகள் வருகின்றன. முன்பு வந்ததில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி, இந்த மாசம் பார்ப்போம்" என்றார். முழு மனதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அழைப்பு வந்தபோது, அக்கா மகள் வாசலில் இருந்தாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்து எட்டு வினாடி சொல்ல, அவள் தமிழில் எண்ணினாள். பன்னிரண்டு. ஐந்தைக் கூட்டினால் பதினேழு. கைப்பேசி வானிலையோ பதினைந்து காட்டியது. "சித்தி, ரெண்டு டிகிரி ஏன் தப்பு?" என்று அவள் கேட்பதற்கு முன்பே அக்கா, "சுவர் இன்னும் சூடா இருக்குமோ? இல்ல இது வேற ஜாதியோ?" என்றார். இரண்டுமே நல்ல காரணங்கள். எது சரி என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.